பித்த நாள நோயாளர்க்குக் கல்லீரற் காவல்

தண்டவாளம் முறிவதற்கு முன்னர், பல வேளைகளில் அதன் உள்ளே மயிரிழை போன்றதொரு வெடிப்பு தோன்றுகிறது. மேற்புறம் வழுவழுப்பாகவே இருக்கும். வண்டிகளும் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும். நாள்தோறும் பாதையில் நடந்து பார்த்துவரும் கீமேனின் கண்ணுக்கும் அவ்வெடிப்பு புலப்படாது. ஆகையால், காதுக்கு எட்டாத ஒலியலைகளைத் தண்டவாளத்தினுட் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு உட்குறையை அறியும் முறையை ரயில்வேயில் குறித்த கால இடைவெளிகளில் கையாளுகிறார்கள். வண்டி தடம் புரண்ட பிறகு நடப்பது விசாரணை. பாதை நன்றாக இருக்கும்போதே நடப்பது காவல்.

இரும்பின் உட்குறையை அறிய ஏற்பட்ட இம்முறையே மனித உடலுக்கும் வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்த இயான் டொனால்ட் என்பார், 1955-ஆம் ஆண்டில் கொதிகலன் தொழிற்சாலை ஒன்றிற்குச் சென்று, அங்கே உலோகத்தைச் சோதிக்க வைத்திருந்த கருவியால், அறுவையில் அகற்றப்பட்ட கட்டிகளைச் சோதித்துப் பார்த்தார். 1958-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். இன்று நாம் எல்லோரும் அறிந்த அல்ட்ராசவுண்டு ஸ்கேன் அதன் வழிவந்ததே.

அந்த ஸ்கேன், உடம்பில் யாதொரு தொல்லையும் தோன்றாத காலத்திலேயே மிகவும் தேவைப்படும் ஒரு கூட்டத்தினர் உண்டு. நெடுநாளாகப் பித்த நாள நோய் உடையவரே அவர். அவர்களைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

பித்த நாளம் என்பது யாது?

வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல், நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்த நீரைச் சுரக்கிறது. உண்ட கொழுப்பு செரிப்பதற்கு இந்நீர் இன்றியமையாதது. மரத்தின் கிளைகள் ஒன்று சேர்ந்து அடிமரமாவது போல, கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்கள் ஒன்று கூடிப் பெரிய நாளமாகி, அந்நீரைச் சிறுகுடலிற் கொண்டு சேர்க்கின்றன. இக்குழாய்களே பித்த நாளங்கள்.

இவை அடைபட்டாலோ, ஓயாத அழற்சியால் சுருங்கினாலோ, பித்தநீர் கல்லீரலிலேயே தேங்குகிறது. தேங்கிய நீர் கல்லீரல் உயிரணுக்களை அரிக்கிறது. அரிபட்ட இடத்தில் தழும்பு உண்டாகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தழும்பே மிகுந்து, கல்லீரல் முழுதும் கெட்டியாகி முடிச்சு விழுகிறது. இதனைக் கல்லீரல் இறுக்கம் என்பர். 'சிரோசிஸ்' என்று வைத்தியர்கள் சொல்வது இதுதான்.

நோயின் இரண்டு கட்டங்களில் புற்று தோன்றக்கூடும். அழற்சி நீடித்த குழாயின் உட்சுவரிலிருந்து தோன்றுவது பித்த நாளப் புற்று. இறுக்கமடைந்த கல்லீரலின் உயிரணுக்களிலிருந்து தோன்றுவது கல்லீரற் புற்று. முன்னதற்கு இறுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பின்னது பெரும்பாலும் இறுக்கத்தின் பின்னரே வரும். எந்த நோயாளிக்கு எந்தக் காவல் என்பது இந்த வேற்றுமையைப் பொறுத்தது.

சாதாரணப் பித்தப்பைக் கல் உடைய அன்பர்கள் இதைப் படித்துவிட்டு அஞ்ச வேண்டியதில்லை. அது வேறு; நாளங்களிலேயே நெடுங்காலமாக நீடிக்கும் நோய் வேறு.

காஞ்சிபுரத்துக் குழந்தை

இந்நோயின் கடுமையையும், அதற்கு ஏற்பட்டுள்ள வழியையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்று நம் தமிழ்க் குடும்பம் ஒன்றிலேயே நடந்தது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஓர் ஆண் குழந்தைக்குப் பிறவியிலேயே பித்த நாளங்கள் அடைபட்டிருந்தன. 'பிலியரி அட்ரீஷியா' என்பது அந்நோயின் பெயர். குழந்தைக்கு இருபது மாதம் ஆகியிருந்தபோது, 1998-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், தில்லி இந்திரப்பிரஸ்த அப்போலோ மருத்துவமனையில், தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து அக்குழந்தைக்குப் பொருத்தினார்கள். இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று சிகிச்சை அதுவே. அக்குழந்தை வளர்ந்து, படித்து, தாமே மருத்துவரானார்.

இவ்வெற்றிக்குப் பின்னால் முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு இருந்தது. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில், தாமஸ் ஸ்டார்சல் என்னும் அறுவை மருத்துவர் உலகிலேயே முதன்முதலாக மனிதருக்குக் கல்லீரல் மாற்ற முயன்றபோது, அந்த நோயாளியும் இதே நோயுற்ற மூன்று வயதுக் குழந்தையே. அக்குழந்தை பிழைக்கவில்லை.

நம் கொச்சியிலேயே, எடப்பள்ளியிலுள்ள அமிர்தா மருத்துவமனையில் 2004-ஆம் ஆண்டு முதல் கல்லீரல் மாற்று நடைபெற்று வருகிறது. ஒரு காலத்தில் தில்லி வரை ரயிலேற வேண்டியிருந்த சிகிச்சை இன்று நம் ஊர்ப் பேருந்து செல்லும் தொலைவில் இருக்கிறது.

பச்சிளங் குழந்தை உள்ள வீட்டாருக்கு

பிறவி அடைப்பை எவ்வளவு விரைவில் அறிகிறோமோ அவ்வளவு நன்மை. ஜப்பானின் செண்டாய் நகரத்து மருத்துவர் மோரியோ கசாய் 1955-ஆம் ஆண்டில் ஓர் அறுவையைச் செய்தார். கெட்டுப்போன வெளி நாளத்தை நீக்கிவிட்டு, சிறுகுடலையே மேலே கொண்டுவந்து கல்லீரலின் வாயிலோடு இணைப்பது அம்முறை. இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. குழந்தை பிறந்து அறுபது நாட்களுக்குள் செய்தால் நற்பலன் மிகுதி. நாள் கடக்கக் கடக்கப் பலன் குறையும்.

ஆகவே தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. குழந்தைக்கு மஞ்சள் நிறம் இரண்டு வாரத்திற்கு மேலும் நீடித்தல். மலம் சுண்ணாம்பு போலவோ, வெளுத்த களிமண் போலவோ இருத்தல். சிறுநீர் துணியிற் கறை படுமளவு மஞ்சளாதல். தைவானில் 2004-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். நம்மிடம் அட்டை இல்லாவிடினும் கண் இருக்கிறது. வெளுத்த மலத்தைக் கண்டால், மட்டாஞ்சேரி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, தமக்கு அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடமோ அன்றே செல்ல வேண்டும். "பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது வழக்கந்தானே, வெயிலிற் காட்டினால் போய்விடும்" என்று பாட்டிமார் சொல்வது முதல் வாரத்து மஞ்சளுக்குப் பொருந்தலாம். மூன்றாம் வாரத்து மஞ்சளுக்குப் பொருந்தாது.

கசாய் அறுவையால் தப்பித் தம் சொந்தக் கல்லீரலோடு வளரும் பிள்ளைகளுக்கும் கல்லீரலில் தழும்பு இருக்கவே செய்யும். அவர்களுள் சிலருக்குப் பிற்காலத்தில் கல்லீரற் புற்று தோன்றியதுண்டு. எனவே, "பிள்ளை பள்ளிக்குப் போகிறான், பந்து விளையாடுகிறான்" என்று மகிழ்ந்து சோதனையை நிறுத்திவிடலாகாது.

வளர்ந்தவர்க்கு வரும் நோய்கள்

வளர்ந்தவரிடையே இருவகை நோய் முக்கியமானது. ஒன்று, 'பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ்'. இது பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு வருவது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நுண்ணிய பித்த நாளங்களைத் தாக்குகிறது. தீராத அரிப்பும் களைப்பும் முதற் குறிகள். தோலில் படை இல்லாமலே உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பதை வீட்டு வேலையின் பயன் என்றும், களைப்பை வயதின் பயன் என்றும் பெண்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். இதற்கு 'உர்சோடியாக்சிகோலிக் அமிலம்' என்னும் மாத்திரை உண்டு. ஒழுங்காக உட்கொண்டால் பலருக்கு நோய் கல்லீரல் இறுக்கம் வரை செல்லாமலே அடங்குகிறது. இறுக்கம் வந்தவர்க்கே கல்லீரற் புற்றின் அபாயம் மிகுதி. இந்நோய் ஆண்களுக்கு வருவது குறைவு. ஆனால் வந்த ஆண்களுக்குப் புற்றபாயம் பெண்களைவிட அதிகம்.

மற்றொன்று 'பிரைமரி ஸ்கிளரோசிங் கோலாஞ்சைட்டிஸ்'. நாளங்கள் ஆங்காங்கே சுருங்கியும் விரிந்தும் மணிமாலை போலத் தோன்றும் நோய் இது. ஆண்களையே மிகுதியாகப் பற்றும், இளவயதிலேயே வருவதுண்டு. பெருங்குடலிற் புண் உண்டாகி இரத்தத்துடன் வயிற்றோட்டம் தரும் 'அல்சரேட்டிவ் கோலைடிஸ்' நோயும் இவர்களுள் பலருக்கு உடனிருக்கும். இந்நோய் உடையவர்களுள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு வாழ்நாளில் பித்த நாளப் புற்று வரக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வாறு வரும் புற்றுகளில் கணிசமான பங்கு, நோய் கண்டறியப்பட்ட முதல் ஆண்டிற்குள்ளேயே வெளிப்படுகிறது. பித்தப்பைப் புற்றும், குடற்புண் உள்ளவர்க்குப் பெருங்குடற் புற்றும் வரும் அபாயமும் உண்டு.

இவற்றைத் தவிர, பிறவியிலேயே நாளம் பை போல் விரிந்திருத்தல், கல்லீரலினுள் நாளங்களில் கல் சேர்தல் ஆகியவையும் புற்றுக்கு இடந்தருவன. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில், நன்னீர் மீனைப் பச்சையாக உண்பதால் ஒருவகைத் தட்டைப்புழு பித்த நாளங்களிற் குடியேறி, உலகிலேயே மிகுதியான பித்த நாளப் புற்றுக்குக் காரணமாகிறது. குடம்புளி இட்டுக் கொதிக்க வைத்த நம் மீன்குழம்பில் அப்புழு பிழைத்திராது. எனினும் அவ்வூர் அனுபவம் ஓர் உண்மையை நிலைநாட்டுகிறது: காரணம் எதுவாயினும், நாளத்தின் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் முடிவு ஒன்றாக அமையக்கூடும்.

எவருக்கு எந்தச் சோதனை?

கல்லீரல் இறுக்கம் உடையவர், அது எந்த நாள நோயால் வந்ததாயினும், ஆறு மாதத்திற்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். உடன் 'ஆல்பா பீட்டோ புரதம்' என்னும் இரத்தச் சோதனையும் செய்வதுண்டு. ஏன் ஆறு மாதம்? கல்லீரற் புற்று இருமடங்காக வளர்வதற்குச் சராசரியாகச் சில மாதங்கள் ஆகின்றன. ஆறு மாத இடைவெளியிற் பார்த்தால், சிகிச்சைக்கு அடங்கும் அளவில் அது அகப்படக்கூடும். ஓராண்டு, ஈராண்டு விட்டுவிட்டால் அளவு கைமீறலாம்.

ஸ்கிளரோசிங் நோயுடைய வளர்ந்தவர், இறுக்கம் இல்லாவிடினும், ஆண்டுக்கொருமுறை பித்த நாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இதனை 'எம்.ஆர்.சி.பி.' என்பர். 'சி.ஏ. 19-9' என்னும் இரத்தச் சோதனையையும் சில வைத்தியர்கள் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் காமாலையோ நாளத்திற் சீழோ இருந்தாலும் அவ்வளவு உயரும். சிலருடைய உடலில் அப்பொருள் உண்டாவதே இல்லை. ஆகையால் அந்த எண்ணை மட்டும் கண்டு அஞ்சவும் வேண்டாம், அதை மட்டும் நம்பவும் வேண்டாம். குடற்புண் நோய் உடனிருந்தால், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பெருங்குடலுள் நோக்கும் 'கொலனாஸ்கோப்பி' சோதனையும் அவசியம். சிறு பிள்ளைகளுக்கு இப்புற்று மிக அரிதாதலால், அவர்களுக்கு எப்போது தொடங்குவது என்பதை வைத்தியரே தீர்மானிப்பார்.

குறித்த நாளுக்கு முன்பாகவே வைத்தியரிடம் ஓட வேண்டிய குறிகளும் உள. புதிதாகக் காமாலை காணுதல், குளிரும் காய்ச்சலும், காரணமின்றி உடல் இளைத்தல், அடங்கியிருந்த அரிப்பு திடீரென மிகுதல் ஆகியவை அவை.

காவலின் வலிமையும் எல்லையும்

சோதனை செய்துகொண்டால் புற்று வாராது என்று எண்ணிவிடக் கூடாது. சோதனை நோயைத் தடுப்பதில்லை. முன்கூட்டி அறிவிக்கவே முயல்கிறது. அதன் பயன் நோய்க்கு நோய் வேறுபடுகிறது.

சீனத்தின் ஷாங்காய் நகரில், மஞ்சட்காமாலை 'பி' வகைக் கிருமியால் பாதிக்கப்பட்டவர் முதலிய 18,816 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆறு மாதத்திற்கொருமுறை ஸ்கேனும் இரத்தச் சோதனையும் செய்தார்கள். கல்லீரற் புற்றால் நேர்ந்த மரணம் அப்பிரிவில் 37 சதவீதம் குறைந்ததாக 2004-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அவர்கள் பித்த நாள நோயாளர் அல்லர். எனினும் கல்லீரற் புற்றை முன்னறிவதன் பயனுக்கு இது சான்று.

ஸ்கிளரோசிங் நோயைப் பொறுத்தவரை சான்றுகள் ஒருமுகமாக இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், புற்று கண்டவர்களுள் முன்பிருந்தே ஒழுங்கான சோதனையில் இருந்தோரில் 68 சதவீதத்தினர் ஐந்தாண்டு வாழ்ந்திருந்தனர். சோதனையில் இல்லாதோரில் 20 சதவீதத்தினரே வாழ்ந்திருந்தனர். ஆனால் சுவீடன் நாட்டில் 512 நோயாளரை ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தொடர்ந்து பார்த்து 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பித்த நாளப் புற்றைப் போதிய அளவு முன்னதாக அறிய இம்முறை உதவவில்லை என்று கண்டார்கள். சுருங்கிய நாளத்திற்கும் புற்றுள்ள நாளத்திற்கும் படத்தில் வேற்றுமை காண்பது அத்துணைக் கடினம். ஆகவே ஆண்டுப் படம் நன்றாக இருந்தாலும், இடையில் புதுக்குறி தோன்றினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாகாது.

இந்நோய் உடல்வலிமை கண்டு ஒதுங்குவதும் இல்லை. பிரிட்டனின் முதல்நிலை டென்னிஸ் வீராங்கனையாக விளங்கிய எலீனா பால்டாச்சாவுக்குப் பத்தொன்பதாம் வயதில் ஸ்கிளரோசிங் நோய் கண்டறியப்பட்டது. அதனோடே ஆடி, 2010-ஆம் ஆண்டில் உலகத் தரவரிசையில் ஐம்பதுக்குள் இடம் பெற்றார். 2014 ஜனவரியில் கல்லீரற் புற்று என்று தெரியவந்தது. அவ்வாண்டு மே 4-ஆம் நாள், முப்பதாவது வயதில் மறைந்தார். மறுபுறம், அதே நோயுற்ற அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் கிறிஸ் கிளக், 2000-ஆம் ஆண்டில் கல்லீரல் மாற்றிக்கொண்டு, 2002-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

முன்னறிந்தால் செய்யக்கூடியது உண்டு என்பதே நம்பிக்கைக்கு இடம். இத்தாலிய மருத்துவர் மசாபெரோ 1996-ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, இறுக்கமடைந்த கல்லீரலில் புற்றுக்கட்டி ஒன்றாயின் ஐந்து செண்டிமீட்டருக்கு மேற்படாமலும், இரண்டு மூன்றாயின் ஒவ்வொன்றும் மூன்று செண்டிமீட்டருக்கு மேற்படாமலும் இருந்தால், கல்லீரல் மாற்று நற்பலன் தரும். அவர் சிகிச்சை செய்த 48 பேரில் நான்காண்டு கடந்தும் வாழ்ந்தோர் 75 சதவீதம். எலுமிச்சம்பழ அளவில் அகப்படுவதற்கும் தேங்காய் அளவில் அகப்படுவதற்கும் உள்ள வேற்றுமை, வீட்டுக்குத் திரும்புவதற்கும் திரும்பாமைக்கும் உள்ள வேற்றுமையாகி விடுகிறது.

நம் குடும்பங்களுக்குள்ள தடைகள்

சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இக்காவலில் தனிப்பட்ட தடைகள் சில உள.

முதலாவது, காமாலை என்றதும் ஊருக்குப் போய்க் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவரும் வழக்கம். காமாலை ஒரு குறியே அன்றி ஒரு நோய் அன்று. கிருமியால் வந்த காமாலை பலருக்குத் தானே தணியும். தணிந்ததன் புகழ் மருந்துக்குச் சேர்ந்துவிடுகிறது. அடைபட்ட நாளத்தைப் பச்சிலை திறப்பதில்லை. அதற்குள் பொன்னான வாரங்கள் கழிந்துவிடுகின்றன.

இரண்டாவது, கூலி. வெளித் துறையில் துணி வெளுப்பவருக்கும், மசாலாக் கிடங்கில் மூட்டை சுமப்பவருக்கும், வலியில்லாத நாளில் மருத்துவமனையில் நிற்பது ஒரு நாள் வருவாயை இழப்பதாகும். இது சிறிய விஷயமன்று. ஆனால் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று நாள் என்று முன்னரே கணக்கிட்டு வைத்தால், அவ்விழப்பைத் தாங்கலாம். கருவேலிப்படி அரசு மருத்துவமனையிற் காட்டி, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு பெற்றுச் செல்வது செலவைக் குறைக்கும் வழி. கேரளத்தின் காருண்ய ஆரோக்கியப் பாதுகாப்புத் திட்டம், தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆகியவற்றில் நம் அட்டை எந்த மாநிலத்தது, எந்த மருத்துவமனையிற் செல்லும் என்பதை நோய் முற்றுமுன்னரே கேட்டறிந்து வைத்தல் நலம்.

மூன்றாவது, காகிதம். முதல் ஸ்கேன் மதுரையில், இரண்டாவது எர்ணாகுளத்தில், மூன்றாவது திருநெல்வேலியில் என்று சிதறிக் கிடந்தால், மூன்றும் இருந்தும் பயனில்லை. போன முறை இந்தப் புள்ளி இருந்ததா, இருந்தால் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே இச்சோதனையின் உயிர் இருக்கிறது. அலுவலகக் கோப்பைப் போல, நாள் வரிசையில் எல்லா அறிக்கைகளையும் படங்களையும் ஓரிடத்திற் சேர்த்து, எந்த ஊருக்குப் போனாலும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். எழுதப் படிக்க இயலாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பள்ளி செல்லும் பிள்ளையிடம் அப்பொறுப்பை ஒப்படைக்கலாம்.

நோயாளர் தாமே செய்யக்கூடியவையும் உள. மதுவை அறவே விடுதல், வைத்தியரிடம் கேட்டு 'பி' வகைக் காமாலைக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல், எழுதிக் கொடுத்த மாத்திரையை நலமாயிருக்கிறது என்று நிறுத்தாதிருத்தல் ஆகியவை கெட்டுக்கொண்டிருக்கும் கல்லீரலின் சுமையைக் குறைக்கும்.

நம் உறவினரிடையேயோ அண்டை வீட்டிலோ நெடுநாட் பித்த நாள நோய் உடையவர் இருந்தால், இரண்டு கேள்விகளை அவரிடம் கேளுங்கள்: "உங்களுக்குக் கல்லீரல் இறுக்கம் உண்டா என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாரா? கடைசியாக ஸ்கேன் எடுத்தது எந்த மாதம்?" விடை தெரியவில்லை என்றால், அடுத்த முறை வைத்தியரைக் காணச் செல்லும்போது துணைக்கு உடன் சென்று, இவ்விரண்டையும் கேட்டு, வீட்டு நாட்காட்டியில் அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்து வாருங்கள். அயலூரில் வாழும் நாம் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளத்தக்க உதவிகளுள் இதுவும் ஒன்று.